சம்பங்கி நடப் போகிறீர்களா? புத்தகத்தைப் பார்த்து வாங்குங்கள்

(வானொலியில் விவசாயிகளுக்காக நிகழ்த்திய உரை)



பூ சாகுபடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும், நிலம் தயாரிப்பது, கிழங்கு நடுவது, உரம் போடுவது என்று வரிசையாகச் சொல்லுவேன் என எதிர்பார்ப்பீர்கள். இன்றைக்கு அதைச் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் சொல்லும் புத்தகத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். புதிதாகச் சம்பங்கி போட நினைக்கிறவர்கள் எந்தப் புத்தகத்தை வாங்கலாம், எதைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா சார்?" என்று நீங்கள் கேட்கலாம். உதவும். ஆனால் எந்த ஊர்ச் சுரைக்காய் என்று பார்த்து வாங்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் வாங்கிய ஒரு தம்பியின் கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

சத்தியமங்கலம் பக்கம் ஒரு கிராமம். படித்த பையன். மில் வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு விவசாயம் பார்க்க வந்தவர். ஐம்பது சென்டில் சம்பங்கி நட்டார். ஆனி கடைசியில் நட்டது, புரட்டாசி முடிவதற்குள் பூக்க ஆரம்பித்துவிட்டது. நல்ல பூ. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கார்த்திகையில் மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். வயலில் செடியைக் காணோம். வெறும் மண். களத்து மேட்டில் கிழங்கு குவியலாகக் கிடக்கிறது. பெரியவர் திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"ஏனுங்க சார், புஸ்தகத்துல போட்டிருந்ததைத்தானுங்க செஞ்சேன்" என்று உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

வழவழப்பான தாள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். கிழங்கிலிருந்து வளரும் பூச்செடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். ஐரிஸ் பூவுக்கு எட்டுப் பக்கம், டூலிப்புக்கு ஆறு பக்கம், நடுவில் சம்பங்கிக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தின் கடைசி வரி, பனிக்காலம் தொடங்குவதற்கு முன்பு கிழங்குகளைத் தோண்டி எடுத்து உலர்வான இடத்தில் சேமிக்க வேண்டும் என்று சொன்னது.

விஷயம் இதுதான். அது வேற்று நாட்டுப் புத்தகத்தின் தமிழாக்கம். குளிர் தேசங்களில் குளிர்காலம் வந்தால் தரையே உறைந்து போகும். சம்பங்கி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த செடி. உறைபனி தாங்காது, மண்ணுக்குள்ளேயே கிழங்கு அழுகிவிடும். ஆகையால் அங்கே தோண்டித்தான் ஆகவேண்டும். எழுதியவர் தப்பாக எழுதவில்லை. மொழிபெயர்த்தவர்தான் உறைபனி என்று போடாமல் பனிக்காலம் என்று போட்டுவிட்டார். நமக்குப் பனிக்காலம் என்றால் மார்கழி, தை. புல் நுனியில் தண்ணீர் நிற்கும், காதில் துண்டைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போவோம், அவ்வளவுதானே? நம் சமவெளியில் சம்பங்கியைத் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தடவை நட்டால் இரண்டு மூன்று வருஷம் அதே இடத்தில் மறுதாம்பாக நின்று பூக்கும். தம்பி இரண்டு மாசம்கூட முழுசாகப் பூ பறிக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னனுங்க, பூக்கிற செடியைப் பிடுங்காதேன்னு. அப்பனுக்குத் தெரியாது, புஸ்தகத்துக்குத் தெரியும்னுட்டான்" என்றார் பெரியவர். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன பேசுவது? ஐம்பது சென்டுக்கு வாங்கிய கிழங்கு, நடவுக் கூலி, களை வெட்டிய கூலி எல்லாம் போட்டு, பலன் கைக்கு வரும்போது ஒரே ஒரு வார்த்தை கவிழ்த்துவிட்டது.

ஆகவே, புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல, விலையை அல்ல. இது எந்த ஊர் மண்ணுக்கும் மழைக்கும் எழுதினது என்பதைத்தான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். நடவு மாதம் எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். வசந்த காலத்தில் நடவும், இலையுதிர் காலத்தில் தோண்டவும் என்று இருந்தால், அது நமக்கான புத்தகம் இல்லை. ஜூன் ஜூலை என்றோ, ஆனி ஆடி என்றோ, வடகிழக்குப் பருவமழைக்கு வடிகால் எடுக்க வேண்டும் என்றோ இருந்தால், எழுதியவர் நம் பக்கத்து வயலில் கால் வைத்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே புத்தகத்தில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. எல்லாக் கிழங்குப் பூக்களுக்கும் பொது விதி என்று ஒரு பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். ஐரிஸ் என்று ஒரு பூ, நம் நாட்டில் காஷ்மீர் பக்கம் நன்றாக வரும். அதில் தாடி ஐரிஸ் என்கிற வகைக்குக் கிழங்கு இஞ்சி மாதிரி தரையோடு படுத்து ஓடும். அதன் முதுகில் வெயில் பட வேண்டும், மண் போட்டு மூடினால் அழுகும். அதே ஐரிஸ் குடும்பத்தில் ஈரத்தில் நிற்கிற வகைகளும் உண்டு. சம்பங்கிக் கிழங்கோ வெங்காயம் போல, மண்ணுக்குள் மூடி நடவேண்டியது. இத்தனைக்கும் ஒரே விதி எழுதினால் எப்படிப் பொருந்தும்? நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் கணக்குச் சொல்வது போலத்தான். பத்துப் பூவுக்கு ஒரு புத்தகம் வாங்குவதைவிட, ஒரு பூவுக்கு முப்பது பக்கத்தில் ஒரு சிறு நூல் மேல்.

அடுத்தது பெயர்க் குழப்பம். சம்பங்கி என்று அட்டையில் இருந்தால் நம் சம்பங்கிதானா என்று உள்ளே திருப்பிப் பாருங்கள். சில புத்தகங்களில் மரத்தில் பூக்கும் செண்பகத்தையும் சம்பங்கி என்றே எழுதிவிடுகிறார்கள். நம்முடையதை நிலச்சம்பங்கி என்றும் சொல்வார்கள். கன்னடத்தில் சுகந்தராஜ, இந்தியில் ரஜனிகந்தா. இங்கிலீஷ் புத்தகத்தில் டியூப்ரோஸ் என்று இருக்கும். ரோஜா வகை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், கிழங்கு வகை. தாவரவியல் பெயர் பழைய நூல்களில் பாலியாந்தஸ் டியூபரோசா. இப்போது கற்றாழை இனத்தோடு சேர்த்து அகேவ் அமிகா என்று மாற்றியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே செடிதான். பையன், பெண் யாராவது காலேஜ் படிக்கிறவர்கள் உங்களுக்காகத் தேடினால் இந்தப் பெயர்களைச் சொல்லி அனுப்புங்கள்.

பிறகு ரகம். அட்டைப் படத்தில் அடுக்குச் சம்பங்கி, பூங்கொத்து மாதிரி, பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு அடுக்கு ரகக் கிழங்கு வாங்கிப் போட்டவர்கள் உண்டு. அடுக்குப் பூ காம்போடு வெட்டி, பூங்கொத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் அனுப்புவதற்கு. நம் பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவர்கள் கேட்பது ஒற்றைச் சம்பங்கி, உதிரிப் பூ. வாசனையும் ஒற்றைக்குத்தான் தூக்கல், சென்ட் தயாரிக்க எடுப்பதும் அதைத்தான். பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒற்றையில் சிருங்கார், பிரஜ்வல் என்ற ரகங்களையும், அடுக்கில் சுவாசினி, வைபவ் என்ற ரகங்களையும் கொடுத்திருக்கிறது. நல்ல புத்தகம் என்றால் ஒற்றை எதற்கு, அடுக்கு எதற்கு, எந்த ரகம் எந்த மார்க்கெட்டுக்கு என்று பிரித்துச் சொல்லும். ரகத்தின் பெயரே இல்லாமல் "நல்ல கிழங்குகளைத் தேர்ந்தெடுக்கவும்" என்று எழுதியிருந்தால், அதை எழுதியவர் கிழங்கு வாங்கப் போனதே இல்லை என்று அர்த்தம். கிழங்கு என்ன பருமன், என்ன எடை, தோண்டி எத்தனை நாள் ஆறினது என்று சொல்ல வேண்டாமா? 25, 30 கிராம் எடையுள்ள கிழங்கு, தோண்டி ஒரு மாசம் நிழலில் ஆறப்போட்டு நடுவது என்பது நம் பக்கத்துச் சிபாரிசு.

இனி அளவுகளுக்கு வருகிறேன். இங்கேதான் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன், ஒளிப்பானேன்?

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு விவசாயி உர அளவு கேட்டார். புத்தகத்தைப் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அது ஹெக்டேர் அளவு. அவருக்கு இருந்தது ஏக்கர் நிலம். அவர் சீட்டைக் கொண்டுபோய் அப்படியே மூட்டையை இறக்கிவிட்டார். நல்ல காலம், போடுவதற்கு முன்பு அவரே திரும்பி வந்து, "இவ்வளவு போட்டா செடி தாங்குங்களா?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய பழக்கம் என்னுடைய படிப்பைக் காப்பாற்றியது.

ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். சரியாகச் சொன்னால் 2.47 ஏக்கர். பெரும்பாலான வேளாண்மை நூல்கள் ஹெக்டேரில்தான் எழுதும். நாம் ஏக்கரிலும் சென்டிலும் நினைக்கிறோம். ஒரு புத்தகத்தில் வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ., ஹெக்டேருக்கு 1,12,000 கிழங்கு என்று இருக்கும். ஏக்கருக்கு என்றால் சுமார் 45,000. எடையில் பார்த்தால் கிழங்கு 25 முதல் 30 கிராம் வீதம் 1,100 முதல் 1,350 கிலோ வரை வரும். ஹெக்டேர் கணக்கை ஏக்கர் என்று நினைத்து வாங்கினால் இரண்டரைப் பங்கு கிழங்குக்குப் பணம் கொடுத்துவிட்டு மீதியை என்ன செய்வீர்கள்?

உரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 200:200:200 கிலோ என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஒவ்வொன்றும் 80 கிலோ. சரி, 80 கிலோ யூரியாவா? இல்லை. 80 கிலோ தழைச்சத்து. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து. ஆகவே 174 கிலோ யூரியா வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து நூற்றுக்கு 16 தான். அதில் 500 கிலோ, அதாவது பத்து மூட்டை. பொட்டாஷில் 60 பங்கு. 133 கிலோ போதும். சூப்பருக்குப் பதில் டி.ஏ.பி. போட்டால் அதிலேயே தழைச்சத்தும் கலந்திருக்கிறது, யூரியாவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் எத்தனை தவணையாகப் பிரித்துப் போடுவது, எப்போது போடுவது என்பது வேறு.

இந்தக் கணக்கைப் புத்தகமே போட்டுக் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சத்துக் கணக்குக்குப் பக்கத்திலேயே மூட்டைக் கணக்கு இருக்கிற புத்தகம், புதிதாகத் தொடங்குகிறவருக்கு எழுதின புத்தகம். இல்லாதது எங்களைப் போன்ற அதிகாரிகளுக்கு எழுதினது. அது கெட்ட புத்தகம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு இரண்டாவது வருஷம் உதவும். இரண்டிலும் மண் பரிசோதனை செய்து கூட்டிக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் வரி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

பி.பி.எம். என்று ஓர் அளவு வரும். கிழங்கை 5,000 பி.பி.எம். சைக்கோசெல் கரைசலில் நனைத்து நடவும் என்று இருக்கும். படிக்கிறவர் அதை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். என்ன செய்வது என்று புரிந்தால்தானே! 5,000 பி.பி.எம். என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் மருந்துச் சத்து. கடையில் கிடைப்பது நூற்றுக்கு 50 பங்குத் திரவமாக இருந்தால் லிட்டருக்கு 10 மில்லி. இப்படி மில்லியிலும் மூடியிலும் சொல்லாத புத்தகத்தைத் தனியாக வைத்துக்கொண்டு மருந்து கலக்காதீர்கள். கேட்டுக்கொண்டு கலக்குங்கள்.

மருந்து என்றதும் மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தகத்தின் இரண்டாவது பக்கத்தில், உரிமை, விலை, அச்சகம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்குமே, அதை யாரும் படிப்பதில்லை. நீங்கள் படியுங்கள். எப்போது முதலில் அச்சானது என்று பாருங்கள். முதற் பதிப்பு 1985, பத்தாம் பதிப்பு 2022 என்று இருந்தால், உள்ளே இருப்பது 1985-ஆம் வருஷத்துச் சரக்காக இருக்கலாம். திருத்திய பதிப்பு என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். மறுபதிப்பு வேறு, திருத்திய பதிப்பு வேறு.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பழைய நூல்களில் பூச்சிக்கு பி.எச்.சி. தூள் தூவச் சொல்லியிருக்கும். அது 1997-இலேயே தடை செய்யப்பட்டது. எண்டோசல்பான் அடிக்கச் சொல்லியிருக்கும். அதை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. கிழங்கைப் பாதரச மருந்துக் கரைசலில் முக்கி எடுக்கச் சொல்லியிருக்கும். பாதரசம் கலந்த அந்த விதை நேர்த்தி மருந்தும் 2018-இல் தடைசெய்த பட்டியலில் சேர்ந்துவிட்டது. நூற்புழுவுக்கு போரேட் குருணை போடச் சொல்லியிருக்கும். அது 2020 டிசம்பரோடு முடிந்தது. எழுதினவர்களைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு அதுதான் சிபாரிசு. நாங்களும்தான் அதைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். ஆனால் சம்பங்கிப் பூவை நம் வீட்டுப் பெண்கள் வெறும் கையால் பறிக்கிறார்கள், வெறும் கையால் தொடுக்கிறார்கள், தலையில் வைக்கிறார்கள். மூலையில் எங்கேயாவது பழைய டப்பா கிடக்கிறது, புத்தகத்திலும் போட்டிருக்கிறது என்று எடுத்து அடித்துவிடாதீர்கள். உங்களிடம் அப்படிப் பழைய நூல் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மண், நடவு, பாசனம் பற்றிச் சொல்வது இன்றைக்கும் செல்லும். மருந்துப் பக்கத்தை மட்டும் பேனாவால் குறுக்கே அடித்துவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் தெரியட்டும்.

நூற்புழு என்று சொன்னேன் அல்லவா? சம்பங்கியில் புத்தகத்தின் தரத்தை உரசிப் பார்க்க அது ஒரு நல்ல கட்டளைக்கல். அசுவினி, இலைப்பேன் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாப் புத்தகமும் எழுதிவிடும். வேரில் முடிச்சு முடிச்சாக வரும் நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. செடி காரணம் தெரியாமல் வெளுக்கும், குட்டையாகும், பூ குறையும். தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று நாம் மேலே மேலே கொட்டிக்கொண்டிருப்போம். தக்காளி, கத்தரி போட்டு வேர் முடிச்சு வந்த நிலத்தில் சம்பங்கி நடாதே, அந்த மாதிரி வயலில் தோண்டின கிழங்கை வாங்காதே, வேப்பம் பிண்ணாக்கு இடு, நடுவில் ஒரு பருவம் செண்டுமல்லி போடு என்று எந்தப் புத்தகம் சொல்கிறதோ, அதை எழுதியவர் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தவர். அதை நம்பலாம்.

இயற்கை வழியில் எழுதின நூல்களும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றுக்கும் இதே அளவுகோல்தான். பஞ்சகவ்யத்தை எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கலந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கரைசல் எல்லா நோயையும் தீர்க்கும் என்று இருந்தால் அது ஜவுளிக் கடை விளம்பரம் போலத்தான்.

கடைசியாக, பலர் முதலில் திருப்புகிற பக்கத்துக்கு வருகிறேன். லாபக் கணக்குப் பக்கம். "ஏக்கருக்கு இத்தனை லட்சம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதில் பூவுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முகூர்த்த நாள் விலையை வருஷம் முழுக்கப் போட்டுப் பெருக்கியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பூ விலை எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஒரு விலை, முடிந்த மறுநாள் ஒரு விலை. கல்யாணம் இல்லாத மார்கழியில் வேறு விலை. பறிகூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்ட நாளும் உண்டு. கமிஷன், வண்டி வாடகை, வாடிப் போய்க் கழிவில் போனது எல்லாம் கணக்கில் இருக்கிறதா?

அதைவிட முக்கியம், ஆள் கணக்கு. சம்பங்கிப் பூவை விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். அது ஒரு நாள் வேலை அல்ல, பூக்கிற காலம் முழுக்கத் தினமும். வீட்டில் கல்யாணம் என்றாலும் பறிக்க வேண்டும், துக்கம் என்றாலும் பறிக்க வேண்டும். கரும்பு மாதிரி, மஞ்சள் மாதிரி நாலு நாள் தள்ளிப்போட முடியாது. இதை எந்த வண்ணப் படமும் காட்டாது. ஏக்கருக்குப் பறிக்க எத்தனை ஆள், என்ன நேரத்தில் வர வேண்டும் என்று எழுதியிருக்கிற புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு எழுதினவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். உங்கள் வீட்டில் அதிகாலையில் எழுந்து வயலுக்கு வர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்தபடி இருபது சென்டா, அரை ஏக்கரா என்று முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு பொருத்தமும் பார்த்தால் எந்தப் புத்தகம் தேறும் என்கிறீர்களா? கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோட்டக்கலைத் துறையோடு சேர்ந்து வெளியிடும் தோட்டக்கலைப் பயிர்களின் சாகுபடிக் கையேட்டில் சம்பங்கிக்கு உள்ள பக்கங்கள் உங்களுக்கு முதல் பாடம். நடை கொஞ்சம் வறட்சி, தந்தி அடித்தது போல இருக்கும். பரவாயில்லை, அளவுகள் நம் ஊர் அளவுகள். அதே பல்கலைக்கழகத்தின் 'உழவரின் வளரும் வேளாண்மை' மாத இதழில் பூ சாகுபடிக் கட்டுரைகள் அவ்வப்போது வரும், கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் சின்னச் சின்னத் துண்டு வெளியீடுகள் கிடைக்கும். காசில்லை என்பதால் அலட்சியமாக நினைக்காதீர்கள். அந்த வழவழப்புப் புத்தகத்தின் அரைப் பக்கத்தைவிட அந்த நாலு பக்கம் கனம்.

மாடித் தோட்டம், வீட்டுத் தோட்டம் என்று வரும் நூல்களைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், ஆசைக்குப் படிக்கட்டும். தொட்டிக்கு ஒரு பிடி உரம் என்று சொல்வதை வைத்துக்கொண்டு வயலில் இறங்க முடியாது.

இரண்டு நல்ல புத்தகங்கள் ஒன்றுக்கொன்று மாறிச் சொன்னால்? சொல்லும். ஒன்று 45-க்கு 20 என்கிறது, இன்னொன்று 30-க்கு 20 என்கிறது. ஒன்று பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். நெருக்கி நட்டால் முதல் வருஷம் செடி எண்ணிக்கை கூடும், பூவும் கூடலாம்; பக்கக் கிழங்கு பெருத்து அடர்ந்த பிறகு களை வெட்டவும் பறிக்கவும் கால் வைக்க இடம் இருக்காது. எத்தனை வருஷம் நிறுத்தப் போகிறீர்கள், கையால் களை எடுக்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தீராவிட்டால் ஏற்கனவே சம்பங்கி வைத்திருப்பவர் தோட்டத்தில், பூ பறிக்கிற நேரத்தில் போய் நின்று பாருங்கள். அவரிடம் புத்தகத்தைக் காட்டி, "இதில் எந்த வரி நம்ம மண்ணுக்கு ஆகாது அண்ணா?" என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லுவார்.

அந்தத் தம்பி என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. தோண்டின கிழங்கில் அழுகலைக் கழித்து, நல்லதைப் பொறுக்கி நிழலில் பரப்பி வைத்தோம். அடுத்த ஆனியில் அதையே மறுபடி நட்டார். ஐம்பது சென்டுக்குப் பதில் நாற்பது சென்ட்தான் தேறியது. இப்போது அவர் வீட்டு ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. நட்ட தேதி, உரம் போட்ட தேதி, தினமும் பறித்த எடை, அன்றைய விலை எல்லாம் அதில் இருக்கிறது. எழுதுவது தம்பி இல்லை, பெரியவர். பறிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார். நான் போனால் எனக்கே பாடம் நடத்துகிறார்.

வருகிற ஆனி, ஆடியில் நட நினைக்கிறவர்கள் கிழங்குக்கு வைகாசியிலேயே சொல்லி வைக்க வேண்டும், தோண்டி ஒரு மாசம் ஆற வேண்டும் அல்லவா? ஆகையால் புத்தகத்தைச் சித்திரைக்குள் வாங்கிவிடுங்கள். வாங்குவதற்கு முன்பு ஏதாவது சந்தேகம் இருந்தால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு எடுத்து வந்து உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அதிகாரியிடம் காட்டுங்கள். மருந்துப் பக்கத்தையும் உரப் பக்கத்தையும் அவர் பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.